காலிபரேஷன் இடைவெளியைக் கருவியே சொல்லும்: 12 மாதக் கணக்கைத் தாண்டி யோசிப்பது

காலிபரேஷன், அதாவது கருவி சரியாகக் காட்டுகிறதா என்று நம்பகமான ஒன்றோடு ஒப்பிடுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை? அளவீட்டுக் கருவிகளின் பதிவேட்டைப் புரட்டினால் பெரும்பாலான இடங்களில் ஒரே காட்சிதான். வெர்னியர் காலிப்பருக்கு 12 மாதம், பிரஷர் கேஜுக்கு 12 மாதம், தராசுக்கு 12 மாதம். வருடத்தில் நான்கு முறை மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும் ஸ்லிப் கேஜுக்கும் (நீளத்தை ஒப்பிட உதவும் துல்லியமான கட்டைகள்) 12 மாதம். ஏன் 12 என்று கேட்டால், ‘தரநிலையில் அப்படித்தான் இருக்கிறது’ என்பார்கள்.

தரநிலையில் அப்படி இல்லை. தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001:2015-இன் 7.1.5.2 பிரிவு, குறித்த இடைவெளிகளில் அல்லது பயன்படுத்தும் முன் காலிபரேஷன் செய்ய வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது; இத்தனை மாதம் என்று எங்கும் சொல்லவில்லை. காலிபரேஷன் ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025:2017 இன்னும் கறார். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் ஒழிய, சான்றிதழிலும் ஸ்டிக்கரிலும் அடுத்த காலிபரேஷன் எப்போது என்ற பரிந்துரையே இருக்கக் கூடாது என்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. ஆய்வகம் உங்கள் கருவியைச் சில மணி நேரம்தான் பார்க்கிறது. மீதி நாட்களில் அதை எத்தனை பேர் கையாண்டார்கள், எத்தனை முறை கீழே போட்டார்கள், எந்த வேலைக்கு நம்பினார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கருவி யாருடையதோ அவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் அந்த இடைவெளி எதைக் குறிக்கிறது என்று தெளிவாக வேண்டும். ஒரு கருவியின் பிழை அனுமதித்த எல்லையைத் தாண்டியிருப்பது காலிபரேஷனில் தெரிந்தால், அது என்றைக்குத் தாண்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசியாகச் சரியாக இருந்த நாளுக்கும் இன்றைக்கும் நடுவில் அந்தக் கருவி அளந்தது அத்தனையும் சந்தேகத்துக்குள் வந்துவிடும். ஆகவே இடைவெளியைத் தீர்மானிக்கும்போது, எவ்வளவு வேலையைத் திரும்பச் சரிபார்க்கத் தயாராக இருக்கிறோம் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறோம்.

போல்ட்டைக் குறித்த முறுக்குவிசையில் முடுக்கும் டார்க் ரெஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் இயக்கும் டார்க் கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6789, பயன்படுத்துபவர் தனக்கென ஒரு கட்டுப்பாட்டு முறை வைத்திருக்காவிட்டால் 12 மாதம் அல்லது 5000 முறை, இரண்டில் எது முதலில் வருகிறதோ அது என்கிறது. பலர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு நாளைக்கு 400 போல்ட் முடுக்கும் ரெஞ்சுக்கு 5000 என்பது பன்னிரண்டரை நாள். பதிவேட்டில் 12 மாதம் என்று எழுதிவிட்டு, வருடத்தில் 300 வேலை நாள் ஓட்டினால் 1,20,000 போல்ட் ஒரே காலிபரேஷனை நம்பி நிற்கின்றன. அது பிழை என்று கடைசி நாளில் தெரிந்தால் எதை எங்கே போய்த் தேடுவது? நாளொன்றுக்கு 400 போல்ட் என்றால் வேலையிடத்திலேயே ஒரு டார்க் டெஸ்டர் வைத்து, ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் ஐந்து முறை சொடுக்கிப் பார்த்து எழுதிவைப்பதுதான் வழி. அந்தச் சோதனை ஒழுங்காக நடந்தால் வெளி ஆய்வகத்துக்கு அனுப்பும் இடைவெளியை நிதானமாக யோசிக்கலாம். சொல்லவேண்டிய இன்னொன்று: வேலை முடிந்ததும் கிளிக் வகை ரெஞ்சை அதன் அளவுகோலின் குறைந்தபட்ச மதிப்புக்குத் தளர்த்தி வையுங்கள். இறுக்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துபோகும். அப்புறம் இடைவெளியைக் குறைத்துப் பயனில்லை.

‘திருத்தம்’ என்ற சொல்லில் இருக்கும் சிக்கல்

காலிபரேஷனைத் தமிழில் அளவுத்திருத்தம் என்கிறோம். ஆனால் காலிபரேஷன் என்பது திருத்துவதல்ல, ஒப்பிடுவது. கருவி காட்டும் மதிப்பையும் நம்பகமான ஒரு படித்தரத்தின் மதிப்பையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் எவ்வளவு, அந்த வித்தியாசத்தின் நிச்சயமின்மை எவ்வளவு என்று எழுதுவது அவ்வளவுதான். திருகைத் திருப்பியோ மென்பொருளில் மாற்றியோ கருவியைச் சரிக்குக் கொண்டுவருவது அட்ஜஸ்ட்மென்ட். அது தனி வேலை. பெயரிலேயே ‘திருத்தம்’ இருப்பதால், அனுப்பிய கருவி திருத்தப்பட்டுத் திரும்பி வர வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆய்வகமும் நம் மனம் கோணாமல் முதலில் சரிசெய்துவிட்டு, பிறகு ரீடிங் எடுத்து, எல்லாம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அழகான சான்றிதழைத் தருகிறது.

அந்தச் சான்றிதழால் இடைவெளியைத் தீர்மானிக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது கருவி வந்த நிலையில் என்ன காட்டியது என்பது. அதைத் தொடும் முன் எடுத்த ரீடிங் இல்லையென்றால் ஒரு வருடத்தில் கருவி எவ்வளவு நகர்ந்தது என்ற தகவல் நிரந்தரமாகப் போய்விட்டது, திரும்பக் கிடைக்காது. இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் மிகவும் வருத்தம் தருவது இதுதான். செலவும் செய்து, நாளும் காத்திருந்து, கிடைக்க வேண்டிய ஒரே பயனுள்ள எண்ணை இழந்துவிடுகிறோம்.

ஆகவே ஆய்வகத்துக்குப் போகும் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்: வந்த நிலை ரீடிங் எல்லாப் புள்ளிகளிலும் கட்டாயம்; பிழை நமது எல்லையில் 70 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் அட்ஜஸ்ட் செய்க; செய்தால் அதன் பின் எடுத்த ரீடிங்கும் தனியாக வேண்டும்; ஒவ்வொரு புள்ளிக்கும் நிச்சயமின்மை குறிக்கப்பட வேண்டும்; போன முறை எடுத்த அதே புள்ளிகளில் இந்த முறையும் எடுக்க வேண்டும். கடைசி வரியை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். போன வருடம் 2, 4, 6, 8 பாரிலும் இந்த வருடம் 2.5, 5, 7.5 பாரிலும் எடுத்த ரீடிங்குகளை நேரடியாக ஒப்பிட வழியில்லை.

எண்கள் கையில் இருந்தால் என்ன தெரியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 0–10 பார் டிஜிட்டல் பிரஷர் கேஜ், எல்லை ±0.10 பார். 6 பாரில் வந்த நிலைப் பிழை புதிதாக வாங்கியபோது +0.01, ஒரு வருடம் கழித்து +0.04, இரண்டாம் வருடம் +0.06, மூன்றாம் வருடம் +0.09. நான்கு சான்றிதழிலும் ‘ஏற்கத்தக்கது’ என்றுதான் இருக்கும். அதை மட்டும் பார்த்தவர், தொடர்ந்து தேறுகிறதே என்று இடைவெளியை 24 மாதமாக நீட்டிவிடுவார். எண்களைக் கோடாக வரைந்து பாருங்கள்: வருடத்துக்கு 0.026 பார் வீதம் ஒரே திசையில் ஏறுகிறது. அடுத்த வருடம் 0.115, எல்லை தாண்டிவிடும். இங்கே செய்ய வேண்டியது இப்போதே அட்ஜஸ்ட் செய்து பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. காலிபரேஷனின் நிச்சயமின்மை 0.02 பார் என்றால் மிஞ்சும் இடம் 0.08, 0.08 ÷ 0.026 என்றால் மூன்று வருடம் கிடைக்கும். நகர்வு நேர்கோட்டிலேயே போகும் என்று யாரும் உறுதி தர முடியாது என்பதால், அதில் பாதியான 18 மாதத்தை எடுத்துக்கொள்வது நியாயமான துணிச்சல். அதே சான்றிதழ்கள்தான். எண்ணைப் படித்தவர் ஒரு தோல்வியைத் தவிர்த்தார், இடைவெளியையும் ஆறு மாதம் நீட்டினார்.

கருவி எப்படிக் கெடுகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம்

இடைவெளி பற்றிய பேச்சில் அதிகம் விடுபடுவது இந்தக் கேள்வி. எல்லாக் கருவிகளும் ஒரே மாதிரி கெடுவதில்லை.

சில கருவிகள் சும்மா இருந்தாலே மெதுவாக நகரும். மின்னழுத்தப் படித்தரமான ஸீனர், படித்தர ரெசிஸ்டர், குவார்ட்ஸ் ஆஸிலேட்டர் போன்றவை இந்த வகை. புதிதில் வேகமாக நகர்ந்து, வயதாக ஆக அடங்கும். அதனால் முதல் வருடத்தில் இரண்டு மூன்று முறை ஒப்பிட்டு, போக்கு தெரிந்தபின் இடைவெளியை விரிக்கலாம். பழைய கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை அதே இடைவெளியில் உட்காரவைப்பது தவறு என்பதும் இதிலிருந்தே புரியும். நகராத பொருள் என்று ஒன்று கிடையாது. 1889 முதல் உலகத்தின் கிலோகிராமாக இருந்த பிளாட்டினம்–இரிடியம் உருளையும், மூன்று பூட்டுக்குள் கண்ணாடிக் குடுவையின் கீழ் இருந்தபடியே, தன் அதிகாரபூர்வப் பிரதிகளிலிருந்து ஒரு நூற்றாண்டில் சுமார் 50 மைக்ரோகிராம் விலகியது. 2019 மே 20 முதல் கிலோகிராம் ஒரு பொருளைச் சார்ந்திராமல் பிளாங்க் மாறிலியைச் சார்ந்திருக்கிறது.

சில கருவிகள் பயன்பாட்டால் தேயும். இவற்றுக்குக் காலண்டர் பொருந்தாது. துளையின் அளவு சரியா என்று செருகிப் பார்க்கும் பிளக் கேஜின் ‘கோ’ முனை நல்ல துளை ஒவ்வொன்றுக்குள்ளும் போய்வருகிறது, அதனால் தேய்கிறது. ‘நோ-கோ’ முனை எதற்குள்ளும் போகக் கூடாதது, அதனால் பல காலம் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் ஒரே தேதி குறிப்பதில் பொருளில்லை. ‘கோ’ முனையின் விட்டத்தை முன்பக்கம், நடு, பின்பக்கம் என மூன்று இடத்தில் அளந்து வைத்தால் முன்பக்கம் முதலில் மெலிவது தெரியும். எத்தனை உதிரிபாகத்துக்கு எத்தனை மைக்ரான் தேய்ந்தது என்று கணக்குப் போட்டு, அனுமதித்த தேய்மானத்தில் பாதி ஆகும் எண்ணிக்கையில் அடுத்த சோதனையை வையுங்கள். வார்ப்பிரும்பு போன்ற தேய்க்கும் தன்மையுள்ள பொருளுக்கு மாறினால் அந்தக் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாவது வகைதான் ஏமாற்றுவது: அதிர்ச்சியால் சட்டென்று மாறுவது. மைக்ரோமீட்டர் கீழே விழுகிறது. குழாயில் ஓடும் நீர் சட்டென்று தடைபட்டு எழும் அதிர்வு பிரஷர் கேஜைத் தாக்கி, அழுத்தம் ஒரு நொடி முழு அளவைத் தாண்டிப்போகிறது. தராசை யாரோ மேசையோடு நகர்த்திவிடுகிறார்கள். இது காலிபரேஷன் முடிந்த மறுநாளும் நடக்கலாம், பதினோராம் மாதமும் நடக்கலாம். இடைவெளியை 12-லிருந்து 6 மாதமாகக் குறைப்பதால் அதிர்ச்சி குறைவாக நடக்கப்போவதில்லை; சந்தேகத்துக்குள் வரும் வேலையின் அளவு மட்டும் பாதியாகும். இந்த வகைக்கு மருந்து இடைச் சோதனைதான், அதாவது இரண்டு காலிபரேஷனுக்கு நடுவில் நாமே அடிக்கடி செய்யும் எளிய சோதனை. தோல்வி அறிக்கை வந்ததும் கை தானாக இடைவெளியைப் பாதியாக்கப் போகும். அதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, இது மெதுவான நகர்வா, தேய்மானமா, அடியா என்று பாருங்கள். பிரஷர் கேஜில் எல்லாப் புள்ளியிலும் பிழை ஒரே அளவில் இருந்து, பூஜ்யமும் அதே அளவு நகர்ந்திருந்தால் அளவு மீறிய அழுத்தம் பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பூஜ்யம் சரியாக இருந்து, மேலே போகப்போகப் பிழை விகிதமாக வளர்ந்தால் அது வேறு கதை.

இடைச் சோதனையை எப்படி அமைப்பது

தராசை வைத்துச் சொல்கிறேன், மற்றவற்றுக்கும் அதே சட்டகம்தான். 0.1 மில்லிகிராம் வரை காட்டும் 220 கிராம் தராசு என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் எடைக்கல் ஒன்றை இதற்கென ஒதுக்குங்கள். அதைத் தராசின் பக்கத்திலேயே மூடிய பெட்டியில் வைத்தால் வெப்பநிலை சமமாக இருக்கும். கையால் தொடாமல் இடுக்கியால் எடுக்க வேண்டும். எடைக்கல்லைத் துல்லியத்தை வைத்து வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள்: எஃப்-1 வகுப்பில் 200 கிராமுக்கு அனுமதித்த பிழை ±1.0 மில்லிகிராம், இ-2 வகுப்பில் ±0.3 மில்லிகிராம். இ-2 வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. இடைச் சோதனைக்கு அந்தக் கல்லின் உண்மை எடை எவ்வளவு என்பதைவிட அது நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

தராசு காலிபரேஷன் முடிந்து வந்ததும் முதல் 20 வேலை நாளில் தினம் ஒரு ரீடிங் எடுங்கள். அவற்றின் சராசரி 200.0003 கிராம், திட்ட விலக்கம் 0.0002 கிராம் என்று வந்தால், சராசரியிலிருந்து ±0.0004-இல் எச்சரிக்கைக் கோடு, ±0.0006-இல் நிறுத்தக் கோடு. எச்சரிக்கைக் கோட்டை ஒரு முறை தாண்டினால் மீண்டும் எடுங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை தாண்டினால் காரணம் தேடுங்கள். நிறுத்தக் கோட்டைத் தாண்டினால் தராசை ஓரம் வையுங்கள். எந்தக் கோட்டையும் தாண்டாமல், எட்டு ஒன்பது ரீடிங் தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கத்தில் விழுந்தாலும் அது செய்திதான்: நகர்வு தொடங்கிவிட்டது.

உள்ளேயே எடைக்கல் வைத்துத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் தராசுகளில் ஒரு எச்சரிக்கை. அந்தப் பொத்தானை அழுத்திவிட்டுச் சோதனை ரீடிங் எடுத்தால் நேற்று வரை தராசு எப்படி இருந்தது என்பது அழிந்துவிடும். முதலில் சோதனை எடையை வைத்து எழுதுங்கள், பிறகு பொத்தான், பிறகு இன்னொரு ரீடிங். தானாகவே இயங்கும்படி அமைத்திருந்தால் அதன் பதிவு சேமிக்கப்படுகிறதா என்று பாருங்கள்.

தராசை இடம் மாற்றினால் பழைய காலிபரேஷன் முடிந்தது என்றே கொள்ள வேண்டும். புவியீர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் சுமார் 9.780, துருவத்தில் சுமார் 9.832 மீட்டர்/நொடி², அரை சதவீத வித்தியாசம், ஒரு கிலோவுக்கு ஐந்து கிராம். ஒரே கட்டடத்தில் மூன்று மீட்டர் மேலே உள்ள தளத்துக்குக் கொண்டுபோனால்கூட ஒரு கிலோவுக்குச் சுமார் ஒரு மில்லிகிராம் குறைந்து காட்டும். 0.1 மில்லிகிராம் தராசில் 200 கிராமுக்கு அது கடைசி இலக்கத்தில் இரண்டு.

பிளாட்டினம் வெப்ப உணரிக்கு இடைச் சோதனை இன்னும் எளிது: பனிக்கட்டிப் புள்ளி. காய்ச்சி வடித்த நீரில் செய்த பனிக்கட்டியைப் பொடியாக்கி வாய் அகன்ற பிளாஸ்கில் நிரப்புங்கள். இடைவெளியை நிரப்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள். பனி மிதக்கும் அளவுக்கு நீர் இருந்தால் அடியில் 4 டிகிரி நீர் தங்கி ஏமாற்றும். உணரியை நன்கு ஆழமாகச் செருகி 15–20 நிமிடம் விடுங்கள். கவனமாகச் செய்தால் 0 டிகிரியிலிருந்து 0.01 டிகிரிக்குள் நிற்கும். பி.டி.-100 என்ற வகைப் பிளாட்டினம் உணரி அங்கே 100 ஓம் காட்ட வேண்டும், 0.04 ஓம் மாறியிருந்தால் சுமார் 0.1 டிகிரி நகர்ந்திருக்கிறது. கண்ணாடி வெப்பமானிக்கும் இதே சோதனை பெரிய உதவி. அதன் குமிழின் கொள்ளளவு காலப்போக்கில் மாறும்போது எல்லாப் புள்ளியும் ஏறத்தாழ ஒரே அளவு நகர்கின்றன. ஆகவே பனிப்புள்ளி எவ்வளவு நகர்ந்ததோ அதைப் பழைய சான்றிதழின் எல்லாத் திருத்தங்களிலும் சேர்த்துக்கொண்டால் போதும். முழுக் காலிபரேஷனுக்குப் பல வருடம் காத்திருக்கலாம்.

இரண்டு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்துச் செய்யும் வெப்ப உணரியான தெர்மோகப்பிளுக்கு இந்த வசதி இல்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. தெர்மோகப்பிளின் மின்னழுத்தம் நுனியில் உருவாவதில்லை. வெப்பநிலை ஏறி இறங்கும் கம்பிப் பகுதி முழுவதிலும் உருவாகிறது. உலையில் மாதக்கணக்கில் இருந்த கே-வகைத் (தெர்மோகப்பிளில் ஒரு வகை) கம்பியில் வெப்பச் சரிவில் இருந்த பகுதி மட்டும் தன்மை மாறியிருக்கும். அதை உருவி ஆய்வகத்தின் சூடேற்றும் கருவியில் உள்ள துளையில் வேறு ஆழத்தில் வைத்து அளந்தால், சரிவு வேறு பகுதியில் விழும். கெட்ட இடம் சோதனைக்குள் வராமலே போகலாம். சான்றிதழ் நன்றாக இருக்கும், உலைக்குள் பிழை தொடரும். உயர் வெப்பத்தில் ஓடும் கே-வகைக்குச் செய்ய வேண்டியது, உலையிலேயே அதன் பக்கத்தில் காலிபரேஷன் செய்த புதிய தெர்மோகப்பிள் ஒன்றைச் செருகி ஒப்பிடுவதும், ஓடிய மணி நேரக் கணக்கில் அதை மாற்றிவிடுவதும்தான். இதில் இடைவெளி என்று நீங்கள் தேடுவது உண்மையில் ஆயுட்காலம்.

பி.எச். மீட்டரில் பேச்சு நாட்கணக்கில். 25 டிகிரியில் பி.எச். ஒன்று மாறினால் எலக்ட்ரோடின் மின்னழுத்தம் 59.16 மில்லிவோல்ட் மாற வேண்டும் என்பது கோட்பாட்டுச் சரிவு. தினமும் பி.எச். மதிப்பு தெரிந்த 4.01, 7.00, 10.01 தாங்கல் கரைசல்களில் வைத்துச் சரிசெய்யும்போது மீட்டர் காட்டும் சரிவு சதவீதத்தை எழுதிவைத்தால், எலக்ட்ரோடின் மரண நாளை முன்பே கணிக்கலாம். 10.01 கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி இறங்கிவிடும். திறந்து வைத்த குவளையை மறுநாள் பயன்படுத்தக் கூடாது.

முதல் இடைவெளி, பிறகு அதை மாற்றும் கணக்கு

வரலாறே இல்லாத புதிய கருவிக்கு எங்கிருந்து தொடங்குவது? தயாரிப்பாளரின் துல்லிய அட்டவணையில் இருந்து. நல்ல மல்டிமீட்டர்களுக்கு 24 மணி நேரம், 90 நாள், ஒரு வருடம் என்று தனித்தனியாகத் துல்லியம் கொடுத்திருப்பார்கள். 90 நாள் பத்தியில் உள்ள எண்ணை நம்பி வேலை செய்துகொண்டு, வருடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் ஒன்பது மாதம் ஆதாரமில்லாமல் அளக்கிறீர்கள். இதையே திருப்பிப் போடலாம்: உங்கள் வேலைக்கு ஒரு வருடப் பத்தியின் துல்லியமே போதுமென்றால் 90 நாள் காலிபரேஷன் வீண் செலவு.

வேலையின் எல்லைக்கும் கருவியின் எல்லைக்கும் உள்ள விகிதமும் பார்க்க வேண்டியது. ±1 டிகிரி துல்லியமுள்ள ஒரு வெப்பமானி, ±10 டிகிரி வரை பொறுக்கும் அடுப்பில் இருந்தால் அது கொஞ்சம் நகர்ந்தாலும் பொருளுக்குக் கேடில்லை. அதே வெப்பமானி ±2 டிகிரி மட்டும் பொறுக்கும் இடத்தில் இருந்தால் சிறு நகர்வும் தவறான முடிவில் கொண்டுவிடும். ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியது, இரண்டு வேறு இடைவெளி. பதிவேட்டில் மாடல் வாரியாக இடைவெளி போடும் பழக்கத்தை விட்டு வேலை வாரியாகப் போடுங்கள்.

பிறகு மாற்றும் முறைகள். ஐலாக், ஓ.ஐ.எம்.எல். என்ற இரண்டு சர்வதேச அமைப்புகள் சேர்ந்து, ஐலாக் ஜி-24 என்றும் ஓ.ஐ.எம்.எல். டி-10 என்றும் இரட்டைப் பெயரில் வெளியிட்ட வழிகாட்டி இவற்றை விளக்குகிறது. எல்லோரும் முதலில் எடுப்பது படிக்கட்டு முறை: வந்த நிலைப் பிழை எல்லையில் 80 சதவீதத்துக்குள் இருந்தால் ஒரு படி நீட்டு, வெளியே போனால் குறை. எளிது, ஆனால் நீட்டும் அளவும் குறைக்கும் அளவும் ஒன்றாக இருக்கக் கூடாது. இடைவெளியின் முடிவில் 95 சதவீதக் கருவிகள் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கானால், தேறும்போது 19 முறை நீட்டுவதை ஒரு தோல்வி ஈடுகட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் 10 சதவீதம் நீட்டினால், தோல்வியில் 84 சதவீதம் வெட்ட வேண்டிவரும். 2 சதவீதம் நீட்டினால் 31 சதவீத வெட்டு. தேறினால் பாதி கூட்டு, தோற்றால் பாதி குறை என்று வைத்தவர்களின் இடைவெளி, 95 சதவீத இலக்குக்குப் பொருத்தமில்லாத நீளத்தில் போய்த்தான் நிற்கும்.

‘மூன்று முறை தொடர்ந்து தேறியது, இடைவெளியை இரட்டிப்பாக்கலாம்’ என்பதும் பரவலான விதி. எல்லைக்குள் உண்டா இல்லையா என்ற ஆம்–இல்லைத் தகவலை மட்டும் வைத்தால் மூன்று தேர்ச்சி ஏறத்தாழ எதையும் நிரூபிப்பதில்லை. 95 சதவீத நம்பகத்தை 95 சதவீத உறுதியோடு சொல்ல 59 தொடர் தேர்ச்சி வேண்டும், 0.95-ஐ 59 முறை பெருக்கினால்தான் 0.05-க்குக் கீழே வரும். வருடத்துக்கு ஒரு காலிபரேஷன் என்றால் ஒரு கருவிக்கு அது 59 வருடம். இரண்டு வழிதான் இருக்கிறது. ஒன்று, பிரஷர் கேஜில் செய்ததுபோல அளந்த எண்களை வரைபடமாக்குவது. அதற்கு நான்கைந்து புள்ளியே நிறையச் சொல்லும். மற்றொன்று, ஒரே மாடல், ஒரே வகை வேலை, ஒரே சூழல் உள்ள கருவிகளைக் குழுவாக்கிப் பார்ப்பது.

குழுவுக்கு ஒரு கணக்கு. 40 மைக்ரோமீட்டர்கள், 12 மாத இடைவெளி, அவற்றில் 34 வந்த நிலையில் எல்லைக்குள். அதாவது 85 சதவீதம். தோல்வி வீதம் நேரத்தோடு மாறாதது என்று கொண்டால் புதிய இடைவெளி = 12 × மடக்கை(0.95) ÷ மடக்கை(0.85). அதாவது 12 × 0.0513 ÷ 0.1625, ஏறத்தாழ 3.8 மாதம். 12-லிருந்து நாலு மாதமா என்று திகைக்கத் தோன்றும். ஆனால் அதைச் செய்யும் முன் தோற்ற ஆறையும் எடுத்துப் பாருங்கள். ஆறில் நான்கு ஒரே இயந்திரத்தருகே இருந்தவை என்றால் குழுவே தவறு. அந்த நான்கையும் தனியாகப் பிரித்து அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மீதி 36-இல் 34 தேறியது 94 சதவீதம். 12 மாதம் ஏறத்தாழச் சரியாகவே இருந்திருக்கிறது. பல நேரம் இந்தக் கணக்கின் பெரிய பயன், யாரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று அது காட்டுவதுதான்.

அடிக்கடி செய்தால் தவறில்லையே என்ற எண்ணமும் சரியில்லை. வண்டியில் போய்வரும் குலுக்கலே சில கருவிகளைக் கெடுக்கும். அனுப்பும் முன்னும் திரும்பி வந்த பின்னும் உங்கள் இடைச் சோதனையை ஒரு முறை செய்தால் அது பிடிபடும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. நகராமல் வெறும் சிதறல் மட்டும் உள்ள கருவியை, ஒவ்வொரு முறையும் கண்ட பிழைக்கு ஏற்றபடி அட்ஜஸ்ட் செய்துகொண்டே இருந்தால் சிதறல் குறையாது, கூடும்: திட்ட விலக்கம் √2 மடங்கு, அதாவது 41 சதவீதம் அதிகமாகும். எழுபது சதவீத விதி ஆர்டரில் இருப்பது இதற்காகத்தான்.

ஒரு கருவி தோற்றுவிட்டது என்று அறிக்கை வந்தால், முதல் வேலை இடைவெளியை மாற்றுவது அல்ல; பிழையை வேலையின் எல்லையோடு வைத்துப் பார்ப்பது. மைக்ரோமீட்டருக்கு நீங்கள் வைத்த எல்லை ±4 மைக்ரான், கண்ட பிழை +6 மைக்ரான், அது அளந்த தண்டின் டாலரன்ஸ் (அளவில் அனுமதித்த வேறுபாடு) ±50 மைக்ரான் என்றால், விளிம்பிலிருந்து 6 மைக்ரானுக்குள் விழுந்த தண்டுகளை மட்டும் பதிவிலிருந்து பிரித்தெடுத்தால் போதும். டாலரன்ஸ் ±10 என்றால் கடைசி நல்ல இடைச் சோதனை வரை பின்னோக்கிப் போய் எல்லாவற்றையும் திரும்ப அளக்க வேண்டும். இடைச் சோதனைப் பதிவு இல்லாத இடத்தில் அந்தப் பின்னோக்கிய பயணம் போன காலிபரேஷன் வரை நீளும். இந்த முடிவும், அதை எந்த எண்ணை வைத்து எடுத்தோம் என்பதும், புதிய இடைவெளியின் காரணமும் அந்தக் கருவியின் தாளிலேயே இருக்கட்டும். அடுத்து இடைவெளியை மாற்றப்போகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.

அலமாரியில் தூங்கும் கருவிகள் மீதி. வருடத்தில் இரண்டு வாரம் மட்டும் தேவைப்படும் கருவிக்கு ஓடும் தேதி வைத்தால், பயன்படாத 50 வாரத்துக்கும் சேர்த்துக் காலிபரேஷன் காலாவதியாகிக்கொண்டே இருக்கும். அதன் ஸ்டிக்கரில் தேதிக்குப் பதில் ‘பயன்படுத்தும் முன் காலிபரேஷன் செய்க’ என்று எழுதி, பூட்டி வைக்கலாம். முதலில் சொன்ன ஐ.எஸ்.ஓ. 9001 பிரிவே இதற்கு இடம் தருகிறது. ஆனால் வெளியே எடுக்கும் நாளுக்கு ஆய்வகத்தின் வரிசையையும் சேர்த்து முன்கூட்டியே அனுப்ப வேண்டும். உள்ளே வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஸ்லிப் கேஜ், எஃகு அளவுகோல் போன்றவற்றைத் துடைத்து, அமிலமற்ற எண்ணெய் மெல்லியதாகப் பூசி வையுங்கள்.